பசியாற்றுவது புலாலா, பருப்பா?

(ஜொகூர் மாநிலத் தோட்டப்புற மக்களுக்கென ஆற்றப்பெற்ற நல்வாழ்வு உரையின் எழுத்து வடிவம்)

 

நம் நாட்டுத் தமிழ் மக்கள் காலையில் ஒருவரை ஒருவர் கண்டவுடன் முதலில் கேட்பது, “பசியாறிவிட்டீர்களா?” என்பதுதான். காலையுணவுக்கே ‘பசியாறுதல்’ என்று பெயர் சூட்டியவர்கள் நாம். பசி ஆற வேண்டும் என்பதே உணவின் முதற் பயன் என்பதை அச்சொல் காட்டுகிறது. எனினும், நாம் உண்ணும் உணவால் பசி உண்மையிலேயே ஆறுகிறதா? எத்துணை நேரத்திற்கு ஆறுகிறது? உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் பசியை அடக்க இயலாமல் தங்கள் முயற்சியைக் கைவிடுவது ஏன்? பசியை ஆற்றுவதில் இறைச்சியும் மீனும் சிறந்தவையா, பருப்பும் பயறும் சிறந்தவையா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

வேலை குறைந்தது, சோறு குறையவில்லை

ஒரு காலத்தில் தோட்டப்புறத்தில் உடல் பருத்தவரைக் காண்பது அரிதாக இருந்தது. இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று, நானூறு, ஐந்நூறு மரங்களைச் சீவி, மீண்டும் அத்தனை மரங்களையும் சுற்றிப் பால் எடுத்து, வாளிகளைத் தோளிற் சுமந்து நிறுவைக் கொட்டகைக்கு நடந்த உடல் அது. மூன்று கோப்பைச் சோறு உண்டாலும் அச்சோறு உழைப்பிலே கரைந்துவிடும்.

காலம் மாறிவிட்டது. செகாமாட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரங்களில் ரப்பர்க் காடுகள் பல செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. நடந்து சென்ற இடங்களுக்கு மோட்டார் சைக்கிளில் செல்கிறோம். நம் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைகளில் ஓரிடத்தில் நின்றோ அமர்ந்தோ வேலை செய்கின்றனர். இன்றும் பால்மரம் வெட்டுவோரின் உழைப்பு கடுமையானதுதான். ஆயினும் நண்பகலுக்குப் பிறகு உடல் அசைவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உழைப்பு குறைந்த அளவிற்குத் தட்டிலுள்ள சோறு குறையவில்லை. அதனோடு இனிப்புப் பால் கலந்த தேநீரும் வறுத்த பலகாரங்களும் சேர்ந்துகொண்டன.

இதன் விளைவு என்ன? சுகாதார அமைச்சு நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி, 2019ஆம் ஆண்டில் மலேசியாவில் வயது வந்தோருள் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2023ஆம் ஆண்டு ஆய்வில் இது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. இனிப்பு நீர் என்று நாம் வழங்கும் நீரிழிவு நோயோ, நம் நாட்டு இந்தியர்களிடையே வயது வந்தோரில் நால்வருக்கு ஒருவர் என்னும் அளவையும் கடந்து நிற்கிறது. மற்ற இனத்தாரைக் காட்டிலும் நம்மிடையே இந்நோய் மிகுந்திருப்பது நாம் கவலைகொள்ள வேண்டிய செய்தி அல்லவா? ஒரு குடும்பத்தில் உழைக்கும் கையொன்று நோயுற்றால், அக்குடும்பத்தின் வருவாயும் பிள்ளைகளின் கல்வியும் சேர்ந்தே நோயுறுகின்றன.

உங்கள் உடல் நிலையை அறிய எளிய வழியொன்று உண்டு. தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடாவினால் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செண்டிமீட்டரும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டரும் எல்லையாகும். அதனைத் தாண்டினால், எடை பார்க்கும் பொறி என்ன காட்டினும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துள்ளது என்று பொருள்.

பட்டினி கிடந்தால் எடை குறையுமா?

எடையைக் குறைக்க வேண்டுமென்று மருத்துவர் கூறியதும் நம்மில் பலர், குறிப்பாகத் தாய்மார்கள், முதலில் மேற்கொள்ளும் வழி உணவை விட்டுவிடுவதாகும். விடியற்காலையில் ஒரு கோப்பைக் கறுப்புத் தேநீரும் இரண்டு ரொட்டியும் உண்டுவிட்டு வேலைக்குச் செல்கின்றனர். பகலிலும் ஏதோ கொறித்துவிட்டு இருந்துவிடுகின்றனர். மாலையில் பசி தீயாக மூளும்போது, அதுவரை அடக்கி வைத்ததை எல்லாம் ஒரே வேளையில் உண்டுவிடுகின்றனர். சில வாரங்களில், “எனக்கு மன உறுதி இல்லை” என்று தம்மையே நொந்துகொண்டு முயற்சியைக் கைவிடுகின்றனர்.

அத்தாய்மார்களுக்கு நாம் ஓர் உண்மையை எடுத்துக்கூற விரும்புகிறோம். குறை உங்கள் மன உறுதியில் இல்லை. உணவு குறைந்தவுடன் உடல், பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறது. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் இயக்குநீர் மிகுந்து, “உண், உண்” என்று மூளையைத் தூண்டுகிறது. வயிறு நிறைந்தது என்று அறிவிக்கும் மற்ற இயக்குநீர்கள் குறைந்துவிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பருமனான 50 பேரைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று 2011ஆம் ஆண்டில் வெளியானது. பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டிலிருந்து எடையைக் குறைத்த அவர்களுக்கு, ஓராண்டு கழிந்த பின்னரும் இந்த இயக்குநீர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் தணியவில்லை. ஆகவே, பசியோடு மல்லுக்கு நின்று வெல்வது யாவர்க்கும் கடினமே. பசியை அமைதிப்படுத்தும் உணவைத் தேர்ந்து உண்பதே அறிவுடைய வழியாகும்.

பட்டினியால் மற்றொரு கேடும் உண்டு. உணவை வெறுமனே குறைக்கும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை; தசையும் சேர்ந்து கரைகிறது. கத்தி பிடித்து மரம் சீவும் கைக்கும், மேடு பள்ளம் ஏறி இறங்கும் காலுக்கும் வலுவூட்டுவது தசையே. அதனை இழந்து பெறும் மெலிவு நமக்கு நன்மை தருமா?

புரதம் செய்யும் பணி

உணவிலுள்ள சத்துகளில் மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் ஆகிய மூன்றும் உடலுக்கு ஆற்றல் தருபவை. இம்மூன்றனுள் பசியை நெடுநேரம் அடக்கி வைப்பதில் புரதம் முதலிடம் பெறுகிறது என்பது பல ஆய்வுகளின் முடிவு. புரதம் மிகுந்த உணவு உட்சென்றதும் குடலிலிருந்து ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். என்னும் இயக்குநீர்கள் சுரந்து, “போதும்” என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. இரைப்பையும் மெல்லக் காலியாகிறது. இக்காலத்தில் எடை குறைப்பதற்கென மருத்துவர்கள் போடும் விலையுயர்ந்த ஊசி மருந்துகள் சில, இந்த ஜி.எல்.பி.-1 இயக்குநீரைப் போன்று செயற்படுமாறு செய்யப்பட்டவையே. ஊசி மருந்தின் ஆற்றல் உணவிற்கு இல்லை. எனினும் இரண்டும் தட்டுவது ஒரே கதவைத்தான்.

அமெரிக்காவின் சியாட்டல் நகரில் நடந்த ஆய்வொன்று 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 19 பேர் அதில் பங்குகொண்டனர். முதலில் அவர்கள் உண்ட கலோரியில் 15 விழுக்காடு புரதத்திலிருந்து கிடைத்தது. பின்னர் அது 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதன்பின் 12 வாரங்கள், “விரும்பிய அளவு உண்ணுங்கள்” என்று விட்டுவிட்டனர். யாரும் கட்டுப்படுத்தாமலேயே அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 440 கலோரி குறைவாக உண்டனர், சராசரியாக 4.9 கிலோ எடை குறைந்தனர். 440 கலோரி என்பது இரண்டு கோப்பைச் சோற்றுக்கும் சற்று மேலாகும். வயிறு தானாகவே “போதும்” என்று கூறியதால் விளைந்த பயன் இது.

எல்லா ஆய்வுகளும் இத்துணை பெரிய பயனைக் கண்டன என்று கூற இயலாது. கலோரியைக் கண்டிப்பாக அளந்து கொடுத்த ஆய்வுகள் சிலவற்றில் புரதத்தைக் கூட்டியதால் பசியில் பெரிய மாற்றம் தோன்றவில்லை. எனினும், எடை குறையும் காலத்தில் தசையைக் காக்கப் போதிய புரதம் தேவை என்பதில் ஐயமில்லை.

புலாலா, பருப்பா?

இனி நம் தலைப்பிற்கு வருவோம். “கோழியும் மீனும் உண்டால்தான் வயிறு நிறைந்தாற்போல் இருக்கிறது, பருப்பில் என்ன இருக்கிறது?” என்று கேட்போர் நம்மிடையே உளர். “பருப்பு ஏழையின் உணவு, கோழி வசதியுள்ளவர் உணவு” என்ற எண்ணமும் வேரூன்றிவிட்டது. மறுபுறம், “புலால் உண்பதால்தான் உடல் பருக்கிறது, அதனை அறவே விட்டால் இளைத்துவிடலாம்” என்று நம்புவோரும் உளர். இவ்விரு கருத்துகளையும் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கின்றனர்.

ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரிலுள்ள ரோவட் ஆய்வுக் கழகத்தினர், பருமனான ஆடவர் 20 பேருக்கு இரண்டு வாரம் இறைச்சிப் புரதமும், இரண்டு வாரம் சோயாப் புரதமும் மிகுந்த உணவை மாற்றி மாற்றிக் கொடுத்தனர். இரண்டிலும் புரதத்தின் அளவு ஒன்றே. 2014இல் வெளியான முடிவு யாது? இரு உணவிலும் பசி ஒரே அளவில் அடங்கியது. இரு உணவிலும் இரண்டு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே உறுதிப்படுத்தியது. எடை குறைக்கும் காலத்தில் புரதம் இறைச்சியிலிருந்து வந்தாலும், சோயா, பருப்பு வகைகளிலிருந்து வந்தாலும் பசியில் வேறுபாடு இல்லை என்று அவர்கள் கண்டனர்.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வு ஒரு படி மேலே சென்றது. இளைஞர் 43 பேருக்கு ஒரு நாள் இறைச்சியால் செய்த உணவும், மற்றொரு நாள் அவரை, பட்டாணி வகைகளால் செய்த உணவும் காலையில் அளித்தனர். பயறு உணவை உண்ட நாளில் அவர்கள் அடுத்த வேளையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவாக உண்டனர். பயற்றிலுள்ள நார்ச்சத்தே இதற்குத் துணை நின்றது என்று கருதுவதற்கு இடமுண்டு. இறைச்சியிலும் மீனிலும் முட்டையிலும் நார்ச்சத்து கிடையாது. பருப்பிலும் கடலையிலும் புரதமும் நாரும் ஒருங்கே அமைந்துள்ளன. நார் நீரை உறிஞ்சி உப்புகிறது, வயிற்றை நிறைக்கிறது, சர்க்கரை இரத்தத்தில் மெல்லக் கலக்கச் செய்கிறது. இனிப்பு நீர் உடையோர்க்கு இது இரட்டை நன்மை.

ஆகவே, பசியைப் பொறுத்தவரை பருப்பு புலாலுக்கு இளைத்ததன்று. புலால் உண்போர் அதனைக் கைவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. எந்த மூலத்திலிருந்து புரதம் வந்தது என்பதைவிட, போதிய அளவு தட்டில் வந்ததா என்பதே முதன்மையானது.

ஒரு வேறுபாட்டை மட்டும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். மீன், முட்டை, இறைச்சி ஆகியவற்றின் புரதத்தில் உடலுக்கு இன்றியமையாத கூறுகள் அனைத்தும் போதுமான அளவில் உள்ளன. பருப்பில் அவற்றுள் சில குறைவு. அரிசியில் வேறு சில குறைவு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடும். பருப்புச் சோறும், உளுந்தும் அரிசியும் சேர்ந்த இட்லியும் தோசையும் நம் முன்னோர் கண்ட சேர்க்கைகள். அவர்கள் ஆய்வுக்கூடம் கண்டதில்லை, அனுபவத்தால் அறிந்தார்கள்.

நம் மண் கற்பித்த பாடம்

நம் உணவை அறிவியல் பாராட்டுவது இது முதன் முறையன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி என்னும் நோய் பல்லாயிரவரை வாட்டியது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்று மக்கள் மாண்டனர். நன்கு தீட்டிய வெள்ளையரிசி உண்போரையே அந்நோய் மிகுதியும் பற்றியது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அது அவ்வளவாக அணுகவில்லை என்பதை டாக்டர் பிராடன் போன்ற மருத்துவர்கள் கவனித்தனர். டாக்டர் வில்லியம் பிளெட்சர் 1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு பாதியினருக்கு வெள்ளையரிசியும் மறுபாதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதித்தார். வெள்ளையரிசி உண்டோரில் பலர் நோயுற்றனர், சிலர் உயிரிழந்தனர். புழுங்கலரிசி உண்டோர் தப்பினர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. வயிறு நிறைவது ஒன்று, உடல் நிறைவது வேறொன்று என்று உலகிற்கு உணர்த்திய ஆராய்ச்சிகளில் ஒன்று நம் நாட்டிலே, நம் மக்களின் சோற்றை வைத்தே நடந்தது என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிட்டாமல் மரவள்ளிக் கிழங்கையே உண்டு வாழ்ந்த கதையைப் பாட்டன் பாட்டியர் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். கிழங்கில் மாவுச்சத்து உண்டு. புரதம் மிகமிகக் குறைவு. வயிறு நிரம்பியும் உடல் வாடியது. அன்று வறுமையால் மாவுச்சத்தை மட்டும் உண்டோம். இன்று பழக்கத்தால் அதனையே மிகுதியாக உண்கிறோம்.

ஜொகூர் மக்களுக்கு வாய்த்த மற்றொரு நற்பேறு தெம்பே. மூவார், பத்து பகாட் வட்டாரங்களில் வாழும் ஜாவா வம்சாவளியினர் சோயா மொச்சையை வேகவைத்து, நொதிக்கச் செய்து, கட்டியாக்கும் உணவு இது. நூறு கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் உண்டு. நொதித்திருப்பதால் எளிதில் செரிக்கும். அண்டை வீட்டாரின் அடுக்களையிலிருந்து நம் அடுக்களைக்கு வந்த இவ்வுணவைத் தக்காளியோடும் மிளகாயோடும் நம் முறையிலே பிரட்டிச் சமைக்கும் குடும்பங்கள் பல. அண்டை வீட்டாரோடு உணவைப் பகிர்ந்துகொள்வதும் ஒற்றுமைக்கு ஒரு பாலமன்றோ?

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

சுகாதார அமைச்சு நமக்கு ஓர் எளிய வாய்பாட்டைத் தந்துள்ளது. ‘சுக்கு, சுக்கு, செபாரோ’ என்பது அதன் மலாய்ப் பெயர். அதாவது கால், கால், அரை. தட்டில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீன், முட்டை, கோழி, பருப்பு, தௌபு, தெம்பே போன்ற புரத உணவு. மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். நம்மில் பலருடைய தட்டு இதற்கு நேர்மாறாக உள்ளது. முக்கால் தட்டுச் சோறு, அதன்மேல் இரண்டு கரண்டிச் சாம்பார், ஓரத்தில் ஒரு துண்டு கருவாடு.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 200 கலோரியும் 4 கிராம் புரதமும் உள்ளன. மூன்று கோப்பைச் சோறு உண்டால் 600 கலோரி. புரதமோ 12 கிராம் மட்டுமே. அதற்கு மாறாக ஒரு கோப்பைச் சோறு, ஒரு கோப்பை கெட்டியான பருப்புக் கூட்டு, ஓர் உள்ளங்கை அளவு மீன் என்று வைத்துக்கொள்வோம். பருப்பில் சுமார் 200 கலோரியும் 13 கிராம் புரதமும், மீனில் சுமார் 100 கலோரியும் 20 கிராம் புரதமும் கிடைக்கும். கூட்டினால் 500 கலோரி. புரதம் 37 கிராம். கலோரி குறைந்தது, புரதம் மும்மடங்காயிற்று. புலால் உண்ணாதோர் மீனுக்குப் பதிலாக நான்கைந்து துண்டு தெம்பே சேர்த்துக்கொண்டால், சுமார் 550 கலோரியில் 30 கிராம் புரதம் பெறலாம். உடல் நலமுள்ள ஓர் ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 கிராமும், பெண்ணுக்குச் சுமார் 50 கிராமும் புரதம் தேவை என்பது நம் நாட்டு ஊட்டச்சத்துப் பரிந்துரை. அதில் பாதிக்கு மேல் ஒரே வேளையில் கிடைத்துவிடுகிறது.

இங்கே தாய்மார்கள் இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். முதலாவது, பருப்பு உண்கிறோம் என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் பருப்புத் தண்ணீரையே. ஒரு பிடிப் பருப்பைப் பெரிய பானைச் சாம்பாரில் கரைத்து ஆறு பேர் உண்டால், ஒருவருக்குக் கிடைக்கும் புரதம் சில கிராமே. பருப்பைக் கெட்டியாகச் சமைத்தால்தான் பயன். இரண்டாவது, பருப்பிலும் கலோரி உண்டு. சோற்றைக் குறைக்காமல் பருப்பையும் மீனையும் மட்டும் கூட்டினால் எடை ஏறுமேயன்றி இறங்காது.

விலையையும் எண்ணிப் பாருங்கள். ஒரு கிலோ உலர்ந்த பருப்பில் 200 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. எலும்போடு கூடிய ஒரு கிலோ கோழியில் அத்துணை கிடைப்பதில்லை. சம்பள நாளுக்கு முந்தைய வாரத்திலும் நம்மால் வாங்க இயல்வது பருப்பும் முட்டையும் அல்லவா?

அதிகாலையில் வேலைக்குச் செல்வோர் வெறும் தேநீரோடு நின்றுவிடாமல் அவித்த முட்டை ஒன்றை உண்டு செல்லலாம். முட்டையொன்றில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. முதல்நாள் இரவே ஊறவைத்து அவித்த கொண்டைக்கடலைச் சுண்டலையோ பாசிப்பயற்றுச் சுண்டலையோ ஒரு சிறு பாத்திரத்தில் எடுத்துச் சென்றால், மரம் சீவி முடித்து ஓய்வு கொள்ளும் நேரத்தில் உண்ணலாம். நண்பகலில் வீடு திரும்பும்போது பசி நம்மை ஆளாது. பசியை நாம் ஆள்வோம். இரவில் இரண்டு தோசையோடு சட்னிக்குப் பதிலாகக் கெட்டியான பருப்பையோ பயற்றுக் குழம்பையோ சேர்த்துக்கொள்ளலாம்.

புரட்டாசித் திங்களிலும் தைப்பூச விரதக் காலத்திலும் புலால் நீக்கும் அன்பர்கள் இதனைச் சிறப்பாகக் கருத்திற்கொள்ள வேண்டும். மீனையும் கோழியையும் நீக்கிய இடத்தில் சோற்றையும் அப்பளத்தையும் உருளைக்கிழங்கையும் நிரப்பினால், விரதம் முடியும்போது எடை கூடியிருக்கும். பசியும் அடிக்கடி தோன்றும். அவ்விடத்தில் மொச்சை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, தௌபு, தெம்பே, தயிர் ஆகியவற்றை வைத்தால் விரதமும் நிறைவேறும். உடலும் நலம் பெறும்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

எந்த நல்ல உணவும் சமைக்கும் முறையால் கெடக்கூடும். தெம்பேயை எண்ணெயில் மூழ்கப் பொரித்தாலும், பருப்பை வடையாகச் சுட்டாலும், மீனைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் சமைத்தாலும் புரதத்தோடு கொழுப்பும் கலோரியும் மிகுந்துவிடும். அவித்தல், குழம்பு வைத்தல், சிறிதளவு எண்ணெயில் பிரட்டுதல் ஆகியவை ஏற்றவை. நெத்திலியும் கருவாடும் புரதம் நிறைந்தவையே. ஆயினும் உப்பு மிகுந்தவை. இரத்தக் கொதிப்பு உடையோர் அவற்றை நன்கு கழுவி ஊறவைத்து, அளவோடு உண்ண வேண்டும். வேர்க்கடலை சிறந்த உணவாயினும் ஒரு பிடியளவே போதும். எண்ணெய்ச் சத்து மிகுந்தது. பயறு வகைகளைப் பழகாதோர் முதலில் சிறிதளவு உண்டு படிப்படியாகக் கூட்டினால் வயிற்று உப்புசம் தோன்றாது.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. சிறுநீரக நோய் உடையோர் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது. நீண்ட நாள் இனிப்பு நீர் உடையோர்க்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருப்பது வெளியே தெரியாது. ஆதலால் அவர்கள் முதலில் சிறுநீர், இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இனிப்பு நீருக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வோர் திடீரெனச் சோற்றைக் குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் நேரலாம். மருந்தின் அளவையும் உணவின் அளவையும் மருத்துவர் ஒருங்கே மாற்றித் தருவார். கருவுற்ற தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் எடை குறைக்கும் முயற்சியில் தாமாக இறங்கலாகாது. அண்மையிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் இவற்றையெல்லாம் கேட்டுத் தெளியலாம். கேட்பதற்கு வெட்கமோ அச்சமோ வேண்டியதில்லை.

பெருமக்களே! திருவள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தபோது, அதில் பெரிதும் பேசியது உணவின் அளவைப் பற்றியே. நன்கு பசித்த பின்னரே, உடலுக்கு ஒத்ததை, அளவறிந்து உண்ண வேண்டும் என்பது அவர் காட்டிய நெறி. அந்நெறியில் நடப்பதற்கு இன்றைய அறிவியல் நமக்குத் தரும் துணை இதுவே: ஒவ்வொரு வேளையும் தட்டில் கால் பங்கு புரதம் இருக்கட்டும். அது கடலிலிருந்து வந்தாலும், கோழிக் கூட்டிலிருந்து வந்தாலும், பருப்புப் பையிலிருந்து வந்தாலும் பசியாற்றும் பணியைச் செவ்வனே செய்யும். உங்கள் வருவாய்க்கும், சமய ஒழுக்கத்திற்கும், நாவின் விருப்பத்திற்கும் ஏற்றதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உங்களுடையது.

வருகின்ற கிழமையில் ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். நாள்தோறும் ஒருவேளைச் சோற்றில் ஒரு கோப்பையைக் குறைத்து, அவ்விடத்தில் கெட்டியான பருப்பையோ பயற்றையோ வையுங்கள். மாலை நான்கு மணிக்குப் பசி எப்படி இருக்கிறது என்று நீங்களே கவனியுங்கள். உங்கள் வயிறே உங்களுக்கு விடை கூறும். இல்லத்தில் ஒருவர் தொடங்கினால் மற்றவர் பின்பற்றுவர். ஒரு லயத்தில் ஒரு குடும்பம் தொடங்கினால் அடுத்த குடும்பமும் கேட்டறியும்.

உழைக்கும் கரங்கள் வலுவோடு இருக்கட்டும்! தோட்டப்புற இல்லங்கள் நோயின்றி வாழட்டும்!